ஆதரவு என்று ஒரு சொல்

கலைச்சொல் அகராதியின் அச்சுப்படியில், கணிதத்தில் வரும் ‘சப்போர்ட்’டுக்கு நேரே ‘ஆதரவு’ என்று இருந்ததைப் பார்த்ததும் பேராசிரியை மரகதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஐயா, ஒரு சார்பு, அதான் ஃபங்ஷன், எங்கெல்லாம் பூஜ்யமா இல்லையோ, அந்த இடத்துக்குத்தான் கணக்குல இந்தப் பேரு. இதுல யாரு யாருக்கு ஆதரவு தர்றாங்க?”

“கணக்குல வர்ற ‘மாட்யூல்’னா பாடப்பகுதின்னு போட்டப்பவும் இப்படித்தான் சண்டை போட்டீங்க மேடம்,” என்று குழுத் தலைவர் சிரித்தார். “ஓட்டுக்கு விட்டுடலாம். ஆதரவுங்கிற சொல்லே இருக்கட்டும்கிறவங்க கை தூக்குங்க.”

மற்ற நான்கு பேரும் தூக்கினார்கள்.

மரகதவல்லி பேனாவை எடுத்து, முகப்பில் குழுவினர் வரிசையில் இருந்த தன் பெயரைத் தாள் கிழியும்படி அடித்தாள்.

தலைவரின் சிரிப்பு நின்றது. “பேரையாவது விட்டுட்டுப் போங்க மேடம். இதுல கணக்கு படிச்சவங்க நீங்க ஒருத்தர்தானே!”