மூன்றாவது மாதிரி அறை

அவரவர் வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி பேச வேண்டும், மற்றவர்கள் அதற்கு யோசனை சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் சோபாப் பிரிவில் நிற்கும் சோபாக்காரர் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

ஆங்கிலம் வராமல் இல்லை. அந்த மரச்சாமான் கடையில் நிற்கிற அத்தனை விற்பனையாளர்களிலும் அவருக்குத்தான் அது கொஞ்சமாவது பிடிபட்டிருந்தது. பேசுவதற்கு வீடுதான் இல்லை.

கடை திறக்கும் முன் தினமும் இந்த வகுப்பு நடந்தது. கடை திறக்கப்போகும் புதுக் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் விசாரிக்கிற பெரிய மனிதர்களாம். எந்தச் சுவருக்கு எந்தத் திரைச்சீலை எடுப்பாக இருக்கும், சின்ன அறையில் அலமாரியை எங்கே தள்ளலாம் என்று அவர்களுக்கு அந்த மொழியிலேயே யோசனை சொல்லத் தெரிய வேண்டும். நன்றாகப் பேசுகிறவருக்கு அங்கே மேலாளர் வேலை.

இன்று கடைசி வகுப்பு. ஆளைத் தேர்ந்தெடுக்க முதலாளியே வந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளிக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும், "என்னம்மா சொல்றான்?" என்பார். டீச்சர் சளைக்காமல் தமிழில் எடுத்துச் சொல்வார்.

மேலாளர் சம்பளம் வந்தால் ஒரு வீடு பிடிக்கலாம். அண்ணன் வீட்டில் அண்ணியின் முகம் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனைவியையும் மகளையும் கூட்டி வந்துவிடலாம். வாடகை கட்டுப்படியாகாமல் வீட்டைக் காலி செய்ததிலிருந்து சோபாக்காரர் இந்தக் கடையில்தான் படுக்கிறார். வாடிக்கையாளர் பார்ப்பதற்காகக் கட்டிலும் விளக்கும் போட்டு ஜோடித்து வைத்திருக்கிற மூன்றாவது மாதிரி அறையில்.

முதலாளிக்குத் தெரிந்தால் அன்றே சீட்டு கிழிந்துவிடும். தெரிந்த ஒரே ஆள் மெத்தைப் பிரிவில் நிற்கும் சிநேகிதன். மச்சான் மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன்.

வேறு வழியில்லாமல் அந்த அறையையே தன் வீடு என்று பேசினார். சுவர் சந்தன நிறம். கட்டிலுக்கு மேலே ஒரு ஜன்னல், அதைத் திறக்க முடியாது. அலமாரி நிறையப் புத்தகங்கள், அட்டை மட்டும்தான், உள்ளே ஒன்றும் கிடையாது.

எந்த அறை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது, சிரித்துவிட்டார்கள். டீச்சர் சொன்னதைக் கேட்டு முதலாளியும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கடையையே வீடா நெனைச்சுட்டான் பாரு. இவன்தான்யா ஆளு."

சோபாக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனதுக்குள் வீடு பார்க்கவே கிளம்பிவிட்டார்.

யோசனைகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் 'யூ ஷுட்' என்று தொடங்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். விளக்கை மாற்ற வேண்டும் என்றாள் ரசீது போடும் பெண். சுவரில் கண்ணாடி மாட்ட வேண்டும் என்றார் திரைச்சீலைக்காரர்.

பிறகு மெத்தைக்காரன் எழுந்தான். அவனுக்கும் மேலாளர் வேலைமேல் ஒரு கண் உண்டு. ஆசைப்படுவதில் என்ன தப்பு என்றுதான் சோபாக்காரர் இதுவரை நினைத்திருந்தார்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் உங்கள் பையை நீங்கள் எடுத்துவிட வேண்டும் என்று, தடுமாறாமல், அழகான ஆங்கிலத்தில் சொன்னான்.

சோபாக்காரருக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. முதலாளி வந்திருக்கிறார், ஜாக்கிரதை என்று அவருக்குப் புரியாத மொழியில் காதில் போடுகிறான். தங்கமான பயல்.

"என்னம்மா சொல்றான்?"

டீச்சருக்கு ஒரே பூரிப்பு. "ஒரு பிழை இல்லாம பேசினார் சார். கட்டிலுக்கு அடியில இவரோட பை இருக்காம், அதை எடுத்துடணுமாம்."

முதலாளியின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. அப்புறம் எழுந்து மூன்றாவது அறைக்குப் போனார். தரைவரை தொங்கிய விரிப்பைத் தூக்கினார். பையை இழுத்துத் திறந்தார். மடித்த சட்டை, சோப்பு டப்பா, இன்னும் ஈரம் காயாத பல் பிரஷ்.

நடப்பது விளங்காத டீச்சர் மட்டும் மெத்தைக்காரனின் வாக்கியத்தை எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

சோபாக்காரர் சிநேகிதனைப் பார்த்தார். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டைக் காலி செய்த அன்று பின்வாசல் சாவியைக் கையில் வைத்து அழுத்தி, "எதுக்கு மச்சான் தெருவுல அலையற, கடையிலயே படுத்துக்க, பையைக் கட்டிலுக்கு அடியில போட்டுக்க, யாரு பார்க்கப் போறா" என்று யோசனை சொன்னவனும் அவன்தான்.

அதைத் தமிழில் சொல்லியிருந்தான்.