கீழ் வீட்டு வெளிச்சம்

கீழ் வீட்டு எலக்ட்ரீஷியனைக் காலி செய்ய வைத்தே தீருவது என்று செக்ரட்டரி அம்மா முடிவு கட்டி நாலு நாள் ஆகிறது. அந்த நாலு நாளும் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எட்டிப் பார்க்கத் தோன்றியது.

பன்னிரண்டு வீடுகள் உள்ள அந்தக் குடியிருப்புக்கு அவர்தான் செக்ரட்டரி. டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது தெரியாமல் இருப்பது ஒன்றே ஒன்று. அவர் வீடு முதல் மாடி. நேர் கீழே எலக்ட்ரீஷியனும் மனைவியும் குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டின் பக்கவாட்டு அறை ஜன்னலைத் திறந்து மாதக்கணக்காகிறது. கண்ணாடியில் உள்பக்கமாக வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. தாள் கிழிந்த ஓரத்தில் காலை ஆறு மணிக்கே வெளிச்சம் தெரியும். நாள் முழுக்க அணையாது.

"பட்டப்பகல்ல ஜன்னலை மூடிட்டு யாராவது லைட்டு போடுவாங்களா?" என்று தன் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

வீட்டுக்காரர் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருட்டா இருக்கும்" என்றார்.

இவரிடம் போய்க் கேட்டோமே என்று செக்ரட்டரி அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

குப்பை எடுக்க வருகிறவளை விசாரித்ததில், அந்த வீட்டு வாளியில் மண்ணும் பச்சைத் தழையும் வருவதாகச் சொன்னாள். அதைக் கேட்ட இரண்டாம் மாடி டெய்லர், எங்கோ ஒரு கும்பல் வீட்டுக்குள்ளேயே பல்பு போட்டுக் கஞ்சா வளர்த்துப் பிடிபட்ட செய்தியைப் பேப்பரில் படித்ததாகச் சொல்லிவைத்தார். போதாதா?

அன்றைக்கே செக்ரட்டரி அம்மா கீழ் வீட்டு ஓனருக்கு ஒரு கடிதம் எழுதினார். குடியிருப்பின் பாதுகாப்பைக் கருதி கீழ் வீட்டுக்காரரை உடனே காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பக்கம். வீடு வீடாக ஏறி இறங்கி ஒன்பது கையெழுத்து வாங்கிவிட்டார். மேல் மாடிப் பல் டாக்டர் மட்டும் பேனாவைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார். நேரில் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றார்.

அந்த ஒரு வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சரி, பார்த்துவிட்டே வருவோம் என்று மறுநாள் பதினோரு மணிக்கு, மடித்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த அவன் மனைவியின் இரண்டு கையிலும் மண். தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லி, பக்கவாட்டு அறையைப் பார்க்கணும் என்றார் செக்ரட்டரி அம்மா. மழுப்புவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ "வாங்கம்மா" என்று முன்னால் நடந்தாள்.

அறை முழுக்க இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு தட்டிலும் எந்த வீட்டிலும் எரிகிற சாதாரண பல்புகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு ஒரு சாண் கீழே தட்டுத் தட்டாக நாற்று. தக்காளி, மிளகாய், கத்தரி. ஒவ்வொன்றும் இரண்டு இலை, நாலு இலை விட்டிருந்தது.

அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். எல்லாம் நர்சரிக்குக் கொடுக்கிற நாற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குப் போன இடத்தில் கணவன் விழுந்து கால் முறிந்து படுத்தபோது ஆரம்பித்தது. அந்த நாலு மாசமும் இதுதான் சோறு போட்டது. இப்போதும் பாதிக் குடும்பம் இதில்தான் ஓடுகிறது. பல்பு தள்ளிப் போனால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும். அதனால் செடி வளர வளரக் கயிற்றை இழுத்துப் பல்பை ஏற்ற வேண்டும். வெளிச்சம் வீணாகாமல் செடிமேலேயே திரும்பி விழத்தான் வெள்ளித்தாள்.

செக்ரட்டரி அம்மா கடிதத்தைப் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டார். ஆனாலும் வந்த காலோடு திரும்ப மனசு வரவில்லை. ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்தால்தான் ஆறும் போலிருந்தது.

"நாத்து வளக்க எதுக்கு இந்த மூடுமந்திரம்? ஜன்னலைத் திறந்து வெச்சா வெயில் சும்மாவே கிடைக்குமே."

"முன்னாடி ஜன்னல்லதாம்மா வெச்சிருந்தோம்."

"இப்ப என்ன வந்துச்சு?"

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இப்ப வெயில் வர்றதில்லம்மா."

"அது எப்படி வராமப் போகும்?" செக்ரட்டரி அம்மா தானே தாழ்ப்பாளை நீக்கி ஜன்னலைத் திறந்தார்.

ஐந்தடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெயில் வந்தால் மேலேயிருந்துதான் வர வேண்டும். தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தார்.

ஆகாயம் தெரியவில்லை. நீலத் தகரம் தெரிந்தது. அவர் வீட்டுப் பால்கனியிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் நீண்டிருந்தது.

ஏழு மாசம் முன்னால் அவருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. கொஞ்ச நாளைக்குக் கூசும் வெயில் படக்கூடாது என்று கண் டாக்டர் சொன்னதும், வீட்டுக்காரர் ஆள் பிடித்து இரண்டே நாளில் போட்ட தகரம் அது. அப்போது செக்ரட்டரி அம்மா கறுப்புக் கண்ணாடியோடு உள் அறையில் படுத்திருந்தார். யார் வந்தார்கள், எப்படிப் போட்டார்கள் என்று கேட்கவில்லை. கண் தேறிய பிறகும் கழற்றத் தோன்றவில்லை.

ஜன்னலை மெதுவாகச் சாத்தினார்.

"மேல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. மாட்ட வந்தவனையாவது தடுத்திருக்கலாமே."

அவள் ஒரு பல்பின் கயிற்றைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"மாட்டினதே எங்க வீட்டுக்காரருதாம்மா. நம்ம நாத்து என்னாகும்னு நானும் கேட்டேன். 'செடிக்கு பல்பு போட்டுக்கலாம், அவங்க கண்ணுக்கு வேற என்னத்தைப் போடுறது'ன்னு சொல்லிட்டு ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டாரு."