கால் கிலோ சமாதானம்

பொட்டலம் மேசைமேல் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

பார்க்காவிட்டால் என்ன, மூக்கு என்று ஒன்று இருக்கிறதே. கருப்பட்டி மிட்டாய். இப்போதுதான் பாகிலிருந்து எடுத்திருக்க வேண்டும். சுற்றியிருந்த செய்தித்தாளில் எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது.

வாங்கி வந்து வைத்தவர் அவள் வீட்டுக்காரர். வைத்துவிட்டு, பூனை மாதிரி கூடத்துக்குப் போய் டிவியில் செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அந்த வீட்டில் மன்னிப்பு என்ற சொல் புழங்கியதே இல்லை. பொட்டலம்தான் புழங்கியது.

சின்னச் சண்டைக்குக் கார சேவு. கொஞ்சம் பெரிதென்றால் கருப்பட்டி மிட்டாய். அவருடைய அம்மாவை முன்னிட்டு வந்த சண்டையென்றால் இரண்டும். அவர் கொண்டுவந்து வைப்பார். அவள் நூலைப் பிரிப்பாள். காகிதம் சரசரக்கிற சத்தம் காதில் விழுந்ததும் கூடத்திலிருந்து, "காப்பி இருக்கா?" என்பார்.

அவ்வளவுதான். சண்டை முடிந்தது.

கல்யாணமாகி சாத்தூருக்கு வந்தபோது, ஊதினால் பறந்துவிடுவாள் போலிருக்கிறதே என்றார்கள். இன்றைக்கு அவள் உடம்பில் இருப்பதில் பாதி, அவர் கேட்ட மன்னிப்பு.

மீதிப் பாதி அவளே தேடிக்கொண்டது. துக்கம் வந்தால் மற்றவர்களுக்கு அழுகை வரும். அவளுக்குப் பசி வரும். அப்பா காரியம் முடிந்து ஊரிலிருந்து திரும்பியபோது ஒரு ரவிக்கையும் சேரவில்லை. மகனைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டு வந்த அன்று, வீட்டில் இருந்த உளுந்தெல்லாம் வடையாகிவிட்டது.

இன்று காலையில்தான் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி. சுவரொட்டி ஒட்டுகிற பசையில் உப்புப் போட்டால் அப்படித்தான் இருக்கும். மத்தியானம் வெள்ளரிக்காய். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாவம்.

காரணம், நேற்று நாத்தனாரின் புது வீட்டுப் பால்காய்ப்பு.

பந்தியில் அவள் உட்கார்ந்தாள். இலை போட்டுக்கொண்டு வந்தவரிடம் வீட்டுக்காரர் உரக்கச் சொன்னார்.

"எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் ரெண்டு இலையச் சேத்துப் போடுங்கப்பா."

பந்தியே சிரித்தது. தண்ணீர் ஊற்ற வந்தவர் ஜக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

பெண்டாட்டி பெருத்துவிட்டாள் என்று ஊர் சிரிக்கச் சொல்லிவிட்டு, அதைச் சரிக்கட்ட மனிதர் கால் கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்திருக்கிறார். இந்தப் புத்தியை யாரிடம் கடன் வாங்கினாரோ.

கை பூண்டை விட்டது. தானாக மேசைப் பக்கம் போனது. நூலைத் தொட்டது. வாயெல்லாம் எச்சில்.

பிரித்தால் நேற்றைய சிரிப்பும் சேர்ந்து செரித்துப்போகும். நாளைக்கு இன்னொரு பந்தி வரும்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கூடத்தில் டிவி சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றே போனது. அங்கே ஒரு காது காகிதச் சத்தத்துக்குக் காத்திருப்பது இங்கே தெரிந்தது.

அடுக்களை வாசலில் அவர் தலை நீண்டது.

"சூடா இருக்கு."

"இருக்கட்டும்."

தலை மறைந்தது. செருப்புச் சத்தம். வண்டி கிளம்புகிற சத்தம்.

திரும்பி வந்தவர் மிட்டாய்க்குப் பக்கத்தில் சேவுப் பொட்டலத்தை வைத்தார். அவளே பிரிக்கட்டும் என்று விடாமல் அதன் நூலை அவரே பிரித்தும் வைத்தார். இந்தத் தடவை கூடத்துக்குப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

அவள் பூண்டு உரித்தாள். ஒரு வாரத்துக்கு ரசம் வைக்கலாம்.

அவர் மறுபடி சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடினார்.

"இன்னும் என்னதான் வேணும், சொல்லு. வாங்கிட்டு வாரேன்."

"கடையில விக்கிறது எதுவும் வேண்டாம்."

பையில் விட்ட கை அப்படியே நின்றது. மனிதருக்குப் புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். பூண்டுத் தோலை ஊதினார். மழை வருமா என்று ஜன்னலைப் பார்த்தார். சாத்தூரில், சித்திரை மாசத்தில்.

கழுத்தில் வியர்வை ஓடியது.

இனிப்பைக் கண்டாலே பல் கூசுகிற ஆள். அவர் கை போய் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தது. ஒரு துண்டு வாய்க்குள் போனது. அது இறங்கும் முன்னே இன்னொன்று. அப்புறம் சேவு ஒரு பிடி. என்ன தின்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன்னைத்தானே எதிரில் உட்கார வைத்துப் பார்ப்பது போலிருந்தது. பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. நடுவில் சிரிப்பு வேறு வந்து தொலைத்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

பேசாதவனைப் பார்த்து, வாயில் என்ன கொழுக்கட்டையா என்பார்கள். இவர் வாயில் நிஜமாகவே கருப்பட்டி மிட்டாய். அதற்குள்ளிருந்து, "நேத்து... நான் அப்படி..." என்று ஏதோ கிளம்பியது. பாதியில் பாகோடு சேர்ந்து உள்ளே போய்ப் புரையேறிவிட்டது.

அவள் எழுந்தாள். இரண்டு பொட்டலங்களையும் அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தினாள். தலையில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"மெதுவா முழுங்கிட்டுச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

அவர் அண்ணாந்து குடித்தார். கடைசிச் சொட்டும் இறங்கிவிட்டது. அப்புறமும் சொம்பை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

அவள் எட்டி அதை வாங்கி, கீழே வைத்தாள்.