அப்பாவின் நாடி

2043 மார்ச் 11, திருநெல்வேலி பெருமாள்புரம்: கோமதியின் முனைவர் பட்ட விண்ணப்பத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பதில் காலையில் வந்தது. வீட்டில் எல்லோருடைய நாடித்துடிப்பும் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால்தான் இத்தகைய கடிதங்கள் திறக்கும். இடம் கிடைத்திருந்தால் மாலை ஐந்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

கோமதிக்கு எண்பத்திரண்டு. அம்மாவுக்கு எழுபத்தாறு. அப்பா சிவனணைந்தானுக்கு நூற்றிருபது.

“எப்பா, கொஞ்சம் நிதானமா இருங்களேன்.”

“நிதானமாத்தாம்ட்டி இருக்கேன்!” என்று கத்தினார். நூற்று முப்பது ஆனது.

மோர், மூச்சுப்பயிற்சி, வெந்நீர்க் குளியல் எதுவும் பலிக்கவில்லை. நாலரை மணிக்கு அம்மா சொன்னாள்: “ஏட்டி, நீ எழுதி அனுப்பினியே ஆராய்ச்சித் திட்டம், அத அப்பாவுக்கு வாசி. அன்னைக்கு நான் ரெண்டு பக்கத்துல தூங்கிட்டேன்.”

மூன்றாம் பக்கத்தில் அப்பா குறட்டை விட்டார். கடிதம் திறந்தது.

“சீட் கெடச்சிட்டும்மா!” என்று கோமதி அலறினாள். அப்பா பதறி எழுந்தார். சம்மதம் சொல்வதற்குள் கடிதம் மூடிக்கொண்டது.

கோமதி முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தாள். இம்முறை அவளுக்கே கொட்டாவி வந்தது. ஐந்து மணிக்குச் சற்று முன் சம்மதத்தை அனுப்பினாள். அப்பாவை யாரும் எழுப்பவில்லை.