முப்பது வரைக்கும் எண்ணு

ஸ்நேகா என் சீட்டைத் தாண்டிப் போனாள்.

தச்சூர் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் நின்றதுமே, வழக்கம்போல ஜன்னலோர சீட்டிலிருந்து என் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் பஸ்ஸில் பை வைத்த சீட்டு பிடித்த சீட்டு. சூப்பர்வைசரே ஏறினாலும் அதைக் கேட்க மாட்டார். எட்டு மாதமாகப் பொன்னேரியிலிருந்து தச்சூர் வரை அந்தப் பை அவளுக்காகத்தான் உட்கார்ந்து வந்தது.

இன்று ஒரு சிரிப்பு சிரித்தாள். அவ்வளவுதான். எனக்கு நேர் பின்சீட்டில் போய் அன்புராஜ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்புராஜ் பேக்கிங்கில் சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஐடி கார்டில் இன்னும் போட்டோ ஒட்டவில்லை.

பை மடியில் சூடாக இருந்தது. காலி சீட்டில் திரும்ப வைக்க மனம் வரவில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பானேன், காது இருக்கிறதே.

"மொதல்ல கொசு கத்துற மாதிரிதான் இருக்கும் அன்பு. முப்பது வரைக்கும் எண்ணு. அப்பால நீயே உட மாட்டே."

தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதம் முன்பு இதே பஸ்ஸில் நான் அவளிடம் சொன்ன வார்த்தைகள் அவை. கொசுவைக்கூட மாற்றவில்லை.

பழைய டிவி கேமில் கேசட்டைச் சொருகி விளையாடியவர்களுக்குத் தெரியும். பொம்மை குதித்தால் ஒரு சத்தம், விழுந்து செத்தால் ஒரு சத்தம். அந்தச் சத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பாட்டுக் கட்டுகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். சிப்டியூன் என்று பெயர். பாடுகிறவர் கிடையாது, வரிகள் கிடையாது. முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். பிறகு உள்ளே ஒரு மெட்டு ஓடுவது பிடிபடும். பிடிபட்டுவிட்டால் மற்ற பாட்டெல்லாம் ஏன் இப்படிக் கூச்சல் போடுகின்றன என்று தோன்றும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இதைக் கேட்கிறவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்று நினைத்திருந்தேன்.

கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே எங்களுக்கு வாய்த்தது பஸ்ஸில் வருகிற இந்த அரைமணி நேரம்தான். ஒயர் வைத்த இயர்போன். ஒரு முனை அவள் காதில், ஒரு முனை என் காதில். வாரம் ஒரு பாட்டாவது புதிதாகக் கொண்டுபோவேன். பஸ்ஸில் யாரும் தப்பாகப் பேசவில்லை. அவள்தான் என்னை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறாளே.

ஜெனரல் ஷிப்டுக்கு வந்தால் லைன் லீடர் ஆக்குகிறோம் என்றார்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஜெனரல் ஷிப்டுக்கு வேறு பஸ்.

அவனை அவள் அண்ணா என்று கூப்பிடவில்லை. அதையும் கவனித்தேன்.

டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். ஒயரே இல்லாத புது இயர்போன். ஆளுக்கு ஒன்று. அன்புராஜ் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வந்திருக்கும், எண்ணுவதை விட்டுவிட்டான். தலை லேசாக ஆடத் தொடங்கியது. அவளும் அன்றைக்கு அந்த இடத்தில்தான் எண்ணுவதை விட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைப் போய் துரோகம் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அது துரோகம்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் கேட்டான்.

"செமையா கீதே! எங்க புடிச்சே இத்த?"

என் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். சொன்னால் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பாவது சிரிக்க வேண்டுமே.

"நானே தேடிக் கண்டுபுடிச்சேன்."

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. முன்சீட்டில் நான் இருக்கிறேன் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. இல்லை, நினைவு இருந்தும் அப்படிச் சொன்னாளா என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

இறங்கியதும் நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்தவர் தேடிக் கொடுத்ததை உன்னுடையது என்று சொல்ல எப்படி மனசு வந்தது? இதுதான் கேள்வி. வாய்க்குள்ளேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது.

கவரைப்பேட்டை தாண்டும்போது போன் அதிர்ந்தது.

சாராள். என் மனைவி. காலை நாலரைக்கு எழுந்து இந்தப் பையைக் கட்டிக் கொடுத்தவள். கல்யாணமான புதிதில் மின்சார ரயிலில் இயர்போனின் ஒரு முனையை என் காதில் சொருகி, கொசு கத்தும், முப்பது வரைக்கும் எண்ணுங்க என்று சொன்னவள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இன்றுவரை ஒவ்வொரு பாட்டாகத் தேடி எடுத்து எனக்கு அனுப்புகிறவள்.

பாட்டுக்குக் கீழே எழுதியிருந்தாள்.

"புதுசா ஒண்ணு கெடச்சுது. பஸ்லயே கேளுங்க. பக்கத்து சீட்டு குப்புராஜ் அண்ணனுக்கும் ஒரு காது குடுங்க. பாவம், வயசானவரு, இத்த கேக்கறதுக்காகவே உங்க பக்கத்துல வந்து குந்துறாருன்னு சொன்னீங்களே."

எங்கள் பஸ்ஸில் குப்புராஜ் என்று யாரும் கிடையாது.