உடைந்து வந்தால்

"மாமா, இது நம்ம லைட்டே இல்ல."

பார்த்திபன் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஹெட்லைட்டை மேசைமேல் வைத்தான். கண்ணாடியின் கீழ் மூலை பெயர்ந்திருந்தது. ஓட்டை வழியாக உள்ளே செம்மண் படிந்து கிடந்தது.

அனுப்புகிற ஒவ்வொரு ஹெட்லைட்டின் முதுகிலும் அவன் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான். செத்துப்போன அக்காவின் நகப்பூச்சு அது. திரும்பி வந்ததில் புள்ளி இல்லை.

"புதுச எடுத்து வண்டில மாட்டிக்கினான். வண்டில இருந்த ஒடைசல நமக்கு அனுப்பிட்டு, கூரியர்ல ஒடைஞ்சிடுச்சி, துட்டக் குடுன்றான். கண்ணமங்கலத்துக்காரன் பண்ணானே, அதே வேல."

இளவழகன் மேசையருகே குனிந்தான். ஹெட்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மலைமேல் புதூர்நாட்டில் ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரே அவன் கடை. ஒரே மாடல் பிக்கப் வண்டியின் ஹெட்லைட்டுகளை வாங்கி இணைய ஏலத்தில் விடுவான். போன புளி சீசனில் மனைவி வெண்ணிலா இறந்த பிறகு தொடங்கிய தொழில். அவள் கம்மலும் வளையலும் முதலாகப் போயின. இப்போது மிச்சம் தாலிச் செயின் மட்டும்.

"அதையும் வித்துட்டு நட்ட நடுரோட்ல நிக்கப் போறீங்க" என்றான் பார்த்திபன். "எவன் ஒடைசலக் குடுத்தாலும் துட்டக் குடுக்குறீங்க. அதோட வுட்டீங்களா? 'உடைந்து வந்தால் திருப்பி அனுப்பவும், கேள்வி கேட்காமல் பணம் தரப்படும்'னு ஏலத்துல கொட்டையெழுத்துல வேற போட்டு வெச்சிகிறீங்க. வெத்தல பாக்கு வெச்சி திருடனக் கூப்புட்ற மாரி கீது."

"போட்டாதான் வர்றாங்க."

"யாரு, திருடனா?"

இளவழகன் தலையாட்டினான்.

மூலையில் உடைந்த ஹெட்லைட்டுகள் குவிந்திருந்தன. அவற்றை அவன் பழைய இரும்புக்காரனுக்கும் போடுவதில்லை. வந்ததும் ஒவ்வொன்றையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பான். பி.எஸ்சி. படித்த பையனுக்குப் பொண்டாட்டி செத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜீப் டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"ரைட் சைடு கேட்டு எத்தினி பேரு மெசேஜ் போட்றான்? ஒண்ணாவது வாங்கி வெச்சீங்களா? கட பூரா லெஃப்ட்டு. ஒத்தக்கண்ணு யாவாரம்."

"லெஃப்ட்டு போதும்."

பார்த்திபனுக்கு ஆத்திரம் பொங்கியது. "அக்காவ ரோட்ல அடிச்சிப் போட்டுட்டு ஒருத்தன் நிக்காம போனான். அப்பவும் நீங்க வாயத் தொறக்கல. இப்ப ஊர்ல கீற திருட்டுப் பசங்க எல்லாம் உங்கள மொட்டையடிக்கிறானுங்க. இப்பவும் தொறக்க மாட்டேன்றீங்க. இன்னா மனுசன் மாமா நீங்க?"

ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த செல்போன் அடித்தது. கடைக்குள் அங்கே மட்டும்தான் சிக்னல். ஹெட்லைட்டைத் திருப்பி அனுப்பிய செங்கத்துப் பூபாலன். இளவழகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அலோ, பார்சல் வந்துச்சா? இன்னாய்யா பேக்கிங் பண்றீங்க? பிரிக்கச்சொல்லவே ஒடைஞ்சிகீது."

"வந்துச்சுங்க."

"அப்ப துட்டு? இன்னிக்கி வரலன்னு வெய்யி, ஒத்த ஸ்டாரு போட்டு உன் கடைய நாறடிச்சிடுவேன்."

"உங்களுக்கு வரவேண்டியது வந்துடுங்க. வண்டி இப்ப ஓடுதுங்களா?"

"எங்க ஓடறது? புளி சீசனோட ஷெட்டுல போட்டதுதான். இப்ப எடுக்கலாம்னா நீ ஒடைசல அனுப்பி வுட்ற. மலைக்காரன் ஏமாத்த மாட்டான்னு நம்பனேன் பாரு, என்னச் சொல்லணும்."

"தப்புதாங்க" என்றான் இளவழகன். எதிர்முனை துண்டித்தது.

"அவன் திருடிட்டு நம்மளத் திட்றான். நீங்க தப்புதாங்கன்றீங்க." பார்த்திபன் ஜன்னலருகே போய்த் தன் போனை எடுத்து ஏலக் கணக்கைத் திறந்தான். "நாம இன்னாத்த சொல்றது. இந்தா, இவனுக்கும் துட்டப் போட்டுத் தொலைக்கிறேன்."

"போடாத."

பார்த்திபன் நிமிர்ந்தான். இந்தக் கடையில் அந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை.

"இன்னாது?"

"இவனுக்குப் போடாத. அட்ரஸ எடுத்து வை. கடைய மூடிடலாம்."

"இப்பனா புத்தி வந்துச்சே, சாமி! ஆமா, இவன்கிட்ட மட்டும் இன்னா ஸ்பெஷலு?"

இளவழகன் எழுந்து வெண்ணிலாவின் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தான். மூடியைத் திருகிக் கவிழ்த்தான். கட்டைவிரல் அகலத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு உள்ளங்கையில் விழுந்தது.

ஹெட்லைட்டின் பெயர்ந்த மூலையில் அதை வைத்து மெல்ல அழுத்தினான். சில்லு விளிம்போடு விளிம்பு பொருந்தி உட்கார்ந்தது. கையை எடுத்த பிறகும் விழவில்லை.

பார்த்திபன் குனிந்து பார்த்தான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"இது ஏது மாமா?"

"உங்கக்கா முந்தானைல சிக்கினு இருந்துது."