பதினேழாம் எண்ணின் புழுதி

நான்கு நாள் மண்தட மோட்டார் பந்தயத்தில் மூன்றாவது வளைவுதான் என் இடம். நமக்குப் பிடித்த வண்டி ஜெயிக்கும்வரை அது கிளப்பிய புழுதியைக் கழுவக் கூடாது என்பது ரசிகர்களான எங்கள் வழக்கம். எனக்குப் பிடித்தது பதினேழாம் எண் வண்டி, ஓட்டுபவள் மரகதவல்லி. மூன்று நாளும் அவள்தான் கடைசி. என் தோளில் கம்புப் பயிர் முளைத்து, கதிர் முற்றிவிட்டதா என்று இரண்டு குருவிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

"ஏனுங்க பெரியவரே, ஜெயிக்கிற வண்டிக்கு மாறிக்குங்க. இன்னைக்கே குளிச்சுப்போடலாம்," என்றார் பக்கத்தில் நின்ற குப்பாண்டி, சோப்பு மணக்க.

"எனக்கொண்ணும் அரிக்கலீங்க," என்றேன்.

நான்காம் நாள் கடைசிச் சுற்றில் மழை கொட்டியது. பயிரோடு எல்லாம் கரைந்து, பிறந்த பிள்ளைபோல் பளிச்சென்று நின்றேன்.

"வானமே குளிப்பாட்டி உட்டுருச்சுங்கோ!" என்று குப்பாண்டி குடைக்குள்ளிருந்து சிரித்தார்.

மரகதவல்லி அன்றும் கடைசிதான். ஆனால் பந்தயம் முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. திரும்ப என் வளைவுக்கு வந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, பின்சக்கரத்தைச் சுழற்றி உச்சந்தலை முதல் பாதம்வரை சேற்றை வாரி அடித்தாள்.

கண்டக்டர் என்னைப் பேருந்தில் ஏற்றவில்லை. வெயிலில் காய்ந்து உதிரக் கூடாதே என்று மறுநாள் முழுக்க நிழலாகப் பார்த்து நடந்தே வந்தேன். அடுத்த பந்தயம் தை மாதம்.